உன்மேல் தவறில்லை

செங்கமலத்தின் குரலில் கடவுள் பேசத் தொடங்கியபோது அவளுக்கு வயது நாற்பத்தாறு.

அதற்கு முன் இருபது வருடம் அவள் ஆழித்துறை வானொலியில் கடல் எச்சரிக்கை வாசித்துக்கொண்டிருந்தாள். "பொதுமக்கள் கவனத்திற்கு" என்று அவள் ஆரம்பித்தால், கொதிக்கிற உலையை அப்படியே விட்டுவிட்டு ஆட்கள் வாசலுக்கு வந்து காது கொடுப்பார்கள். பெருவெள்ளத்தன்று பதினேழு மணி நேரம் நாற்காலியை விட்டு எழாமல் வாசித்தாள். எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர், எந்தப் பள்ளிக்கூடத்து மாடி காலி, எந்தப் பாலம் போய்விட்டது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். நகரத்தில் பாதிப் பேர் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் மேடேறினார்கள். நிலையத்து ஜெனரேட்டருக்கு டீசல் எடுத்துவரப் போன அவள் கணவன் தணிகாசலம் மட்டும் திரும்பவில்லை.

வெள்ளம் வடிந்த பிறகு ஊருக்குத் தூக்கம் போயிற்று. பிள்ளையின் கையை விட்டவர்கள், பக்கத்து வீட்டுக்காரன் கூப்பிட்டும் திரும்பிப் பார்க்காமல் ஓடியவர்கள், ஆயிரக்கணக்கான பேர் இருந்தார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்க ஆள் போதவில்லை. அப்போதுதான் நிவாரணத் துறையிலிருந்து யாக்கூப் என்ற இளம் பொறியாளன் அவளைத் தேடி வந்தான். மிளகளவு இருந்த ஒரு கருவியை மேசைமேல் வைத்தான்.

"இது காதுக்குள்ள கெடக்கும்க்கா. ஆளு மனசுல உள்ளத வாய்விட்டுச் சொன்னா இது கேட்டுக்கிடும். பொறவு ஒரு கேள்வி கேக்கும். அவ்வளவுதான்."

"பதில் சொல்லாதா?"

"சொல்லாது. சொல்லக்கூடாது. மனுசனுக்குத் தெரிஞ்ச பதில அவனே எடுக்கதுக்கு ஒரு கேள்வி போதும். ஆனா அது யாரு குரல்ல வருதுங்கதுதான் முக்கியம். இந்த ஊரு நம்புத குரலு ஒண்ணே ஒண்ணுதான்."

பதினோரு நாள் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து அவன் கொடுத்ததையெல்லாம் வாசித்தாள். அதன் பிறகு அவள் சொல்லாததையும் அந்தக் கருவி அவள் குரலில் சொல்லக் கற்றுக்கொண்டது. அரசாங்கம் அதற்குத் துணைக்குரல் என்று பெயர் வைத்தது. ஜனங்கள் காதுமணி என்றார்கள். கொஞ்ச நாளில் 'சாமி' என்றே சொல்ல ஆரம்பித்தார்கள்.

முதல் இரண்டு வருடம் நல்ல காலம். ஒன்பது வருடம் அண்ணனோடு பேசாத ஒருவனிடம், "கடைசியாக அவர் உன்னை என்ன சொல்லிக் கூப்பிட்டார்?" என்று கேட்டது. மறுநாள் அவன் அண்ணன் வீட்டு வாசலில் நின்றான். பிள்ளையை அடித்த வாத்தியாரிடம், "அவன் இப்போது யாரிடம் அழுதுகொண்டிருப்பான்?" என்று கேட்டது. அவர் காலையில் வகுப்பின் நடுவே நின்று கையெடுத்துக் கும்பிட்டார். கோயிலுக்குப் போகிறவர்கள் போனார்கள், தேவாலயத்துக்கும் பள்ளிவாசலுக்கும் போனார்கள். போகும்போது பக்கத்தில் நிற்கிறவன் முகத்தையும் பார்த்தார்கள். செங்கமலத்திடம் அது, "அவர் கிளம்பும்போது என்ன சொன்னார்?" என்று கேட்டது. தேங்காய் வாங்க வேண்டும் என்று சொன்னார். அதை நினைத்து ஒரு வாரம் அழுதாள். அழுது முடித்தபோது மூச்சு விட முடிந்தது.

சந்தையில் அவளைப் பார்த்துக் கும்பிட்டவர்களிடம் அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது மெஷின்தான், நான் சம்பளத்துக்கு வாசித்தவள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வரிசையில் முன்னால் நகர்த்திவிட்டபோது நகர்ந்துகொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் பேராளர் வச்சிரவேல் கடல்மதில் கட்ட ஆரம்பித்தார். வெள்ளத்துக்குப் பிறகு நகரத்தை நிர்வகிக்க ஊர் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்த ஆள். மதிலின் முதல் வரைபடம் தெற்கே மீனவர் குப்பத்தையும் உள்ளே வைத்துத்தான் போயிற்று. பிறகு அவருடைய மைத்துனரின் உப்பளத்தை உள்ளே இழுத்துக்கொண்டு வளைந்தது. வளைந்ததில் குப்பத்தின் இருநூறு வீடும் வெளியே நின்றன. 'ஒரு வருடத்தில் எல்லோருக்கும் உள்ளே வீடு' என்று பலகை வைத்தார்கள். பலகை மட்டும் உப்புக்காற்றில் நின்றது.

ஆழித்துறைக்காரர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் மதில் வந்துவிட்டது, இனி பயமில்லை என்று நன்றி சொல்ல வாயைத் திறந்தவர்களிடம் எல்லாம் காதுமணி, "மதிலுக்கு வெளியே யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டுத் தொலைத்தது. பேராளர் அலுவலகத்தில் மனுக்கள் குவிந்தன.

பேராளர் யாக்கூப்பையும் செங்கமலத்தையும் வரவழைத்தார். தன் கையாலேயே நுங்குச் சர்பத் எடுத்துக் கொடுத்தார்.

"தங்கச்சி, ஒங்க குரலக் கேட்டுத்தான் நானும் தூங்குதேன். ஆனா ஒரு வருத்தம். ஜனங்க இன்னும் எத்தன நாளு அழணும்? சாமின்னா ஆறுதல் சொல்லணும். போலீஸ்காரன் மாதிரி கேள்வியா கேக்கும்?"

யாக்கூப் தம்ளரைத் தொடவில்லை. "ஐயா, இது ஆறுதல் சொல்ல ஆரம்பிச்சா எல்லாத்துக்கும் சொல்லும். செஞ்சவனுக்கும் சொல்லும், பட்டவனுக்கும் சொல்லும். அதுக்கு வித்தியாசம் தெரியாது."

"அவங்கவங்க மனசு நிம்மதியா இருந்தா யாருக்கு என்ன நட்டம் தம்பி?"

"நிம்மதியா இருக்கதுக்கும் மரத்துப் போறதுக்கும் வித்தியாசம் உண்டுல்லா?"

பேராளர் சிரித்தார். செங்கமலம் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க. ஒங்க குரலுதான?" என்றார்.

பேராளரே அபிப்பிராயம் கேட்டது அவளுக்குப் பெருமையாக இருந்தது. தேங்காயை நினைத்து அழுத களைப்பும் இன்னும் தீரவில்லை. "ஐயா சொல்லுததும் சரின்னுதான் படுது" என்றாள். யாக்கூப் அவளை ஒரு தடவை பார்த்தான். அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டுவிட்டு வடக்கே போய்விட்டான் என்று கேள்விப்பட்டாள்.

அதன் பிறகு காதுமணி கேள்வி கேட்பதை நிறுத்தியது. யார் எதைச் சொன்னாலும் கனிந்த குரலில், "நீ செய்ய முடிந்ததைச் செய்தாய். உன்மேல் தவறில்லை" என்றது.

ஊர் மாறியது உடனே தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து மாற்றிக் கொடுத்த நர்ஸ் அன்று நன்றாகத் தூங்கினாள். தகப்பனை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு மலைக்குச் சுற்றுலா போன மகன் திரும்பி வந்து விபூதி பூசிக்கொண்டான். தேவாலயத்தில் பாவசங்கீர்த்தனத்துக்கு வருகிறவர்கள் நின்றுபோனார்கள். வருகிற ஓரிருவரும் மன்னிப்புக் கேட்க வரவில்லை, தாங்கள் சமாதானமாக இருப்பதைச் சொல்லிவிட்டுப் போக வந்தார்கள். கும்பிடு குறையவில்லை, கூடியது. திருவிழாக்கள் பெரிதாயின, பேராளர் எல்லாவற்றுக்கும் தேர்வடம் தொட்டார். 'மன்னிச்சிருங்க' என்ற வார்த்தையைப் பஸ்ஸில்கூட யாரும் சொல்வதில்லை என்று செங்கமலம் ஒரு நாள் கவனித்தாள். யாரோ ஒருவன் அவள் காலை மிதித்துவிட்டுப் புன்னகையோடு இறங்கிப் போனான்.

மரியபுஷ்பம் குப்பத்துக்காரி. பதினைந்து வருடமாகச் செங்கமலத்தின் வீட்டு வாசலில் மீன்கூடையை இறக்குகிறவள். தணிகாசலம் இறந்த வருடம் முழுக்க, கூடையில் ஒன்றும் இல்லாத நாளிலும் வந்து ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போவாள். அவள் புருஷன் லூர்துசாமிக்குப் படகு விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டிருந்தது. "உள்ள வீடு எப்பம் தருவாவளாம்க்கா?" என்று அவள் கேட்கும்போதெல்லாம் செங்கமலம், "வரும் புள்ள" என்பாள். சொல்லிவிட்டு உள்ளே வந்து காதுமணியைத் தொடுவாள்.

ஐப்பசியில் அந்த நாள் வந்தது. மதியம் இரண்டு மணிக்குக் கடல் ஏறும் என்று கணக்கு. மதிலின் தெற்கு வாயிலை அதிகாலையிலேயே மூடிவிட்டார்கள். குப்பத்து ஜனங்களை முந்தின நாளே அழைத்து வந்திருக்க வேண்டும். அதற்கென்று ஒதுக்கிய லாரிகள் உப்பளத்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தன.

பன்னிரண்டே முக்காலுக்குச் செங்கமலத்தின் போன் அடித்தது. பின்னால் கூச்சலும் இரும்பில் கல்லால் அடிக்கிற சத்தமும் கேட்டன.

"அக்கா, நான்தான். வாசலத் தொறக்க மாட்டேங்காவ. நாங்க எல்லாரும் வெளியதான் நிக்கோம். நீங்க ரேடியோவுல ஒரு வார்த்த சொல்லுங்கக்கா. நீங்க சொன்னா தொறந்துருவாவ."

"இரு புள்ள, இரு. பாக்கேன்."

போனை வைத்தாள். மேசைமேல் பேராளர் அலுவலகத்திலிருந்து வந்த தாள் கிடந்தது. ஒரு மணிக்கு வாசிக்க வேண்டிய அறிக்கை. 'தெற்கு வாயில் பாதுகாப்பாக மூடப்பட்டுள்ளது. குப்பத்தில் ஒருவரும் இல்லை. அனைவரும் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர். வதந்திகளை நம்ப வேண்டாம்.'

வாயிலைத் திறந்தால் தெற்குத் தெருக்களில் முழங்காலளவு தண்ணீர் வரும், அவ்வளவுதான். அது அவளுக்குத் தெரியும். இருபது வருடம் அந்த அளவுகளை வாசித்தவள். கதவைச் சாத்திக்கொண்டு காதுமணியைத் தொட்டாள். நடந்ததைச் சொன்னாள். அவளுடைய குரலே அவளுக்குப் பதில் சொன்னது.

"நீ உன் கடமையைச் செய்கிறாய். உன்மேல் தவறில்லை."

ஒரு மணிக்கு அவள் வாசித்தாள். தடுமாறவில்லை.

தெற்கு வாயிலின் சக்கரத்தைச் சுற்ற எட்டு பேர் வேண்டும். எட்டு பேரும் அங்கேதான் நின்றார்கள். இரும்புக்கு அந்தப் பக்கம் ஜனங்கள் தட்டினார்கள். இந்தப் பக்கம் ரேடியோ, அங்கே ஒருவரும் இல்லை என்றது. சுடலை என்ற காவலாள் மட்டும் சக்கரத்தில் விழுந்து தனியாகச் சுற்றினானாம். கதவு ஒரு முழம் விலகியது, நான்கு குழந்தைகள் நுழைந்து வந்துவிட்டார்கள். பிறகு மற்ற ஏழு பேரும் அவனைப் பிடித்து இழுத்துக் கட்டிப்போட்டார்கள். ஊர் அவனைக் கிறுக்கன் என்றது.

படகுகளைப் பிடித்துத் தொங்கியவர்கள் பிழைத்தார்கள்; நாற்பத்தொரு பேர் செத்தார்கள். மறுநாள் கடைகள் திறந்தன. அதுதான் பிற்பாடு செங்கமலத்தால் தாங்க முடியாமல் போனது. மறுநாள் வழக்கம்போல் எல்லாக் கடைகளும் திறந்தன. அவளும் போய் அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்கினாள்.

இரண்டு வருடம் கழித்து மதிலின் வடக்குப் பக்கம் தானாக விரிசல் விட்டது. கருங்கல் இருக்க வேண்டிய இடத்திலிருந்து உப்பளத்து மண்ணும் குப்பையும் கொட்டின. உள்ளே இருந்தவர்களுக்கே ஆபத்து என்றதும் ஊருக்குக் கோபம் வந்தது. பேராளர் குடும்பத்தோடு கப்பலேறினார். புதிய நிர்வாகம் விசாரணை ஆணையம் அமைத்தது. துணைக்குரலை நிறுத்தி, அதன் பதிவுகளைத் திறக்க யாக்கூப்பைத் திரும்பக் கூப்பிட்டார்கள். நரைத்திருந்தான்.

ஆணையத்தின் முன் வந்தவர்கள் எல்லாம் ஒரே பதிலைச் சொன்னார்கள். வாயில் காவலாட்கள், லாரி டிரைவர்கள், அதிகாரிகள் எல்லோரும். "சாமி சொல்லிச்சு. அந்தப் பாவி சாமியையே மாத்திப்புட்டான். நாங்க என்ன செய்வோம்?" செங்கமலமும் அதைத்தான் சொல்லலாம் என்றிருந்தாள். என் குரலைத் திருடிவிட்டான், எல்லோரையும்போல நானும் ஏமாந்தேன் என்று எழுதியே வைத்திருந்தாள்.

சாட்சி சொல்ல வேண்டிய நாளுக்கு முந்தின மாலை யாக்கூப் வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அக்கா, ஆணையத்துல இது நாளைக்கு வரும். நீங்க முன்னாடியே தெரிஞ்சுக்கிடணும்னு வந்தேன். பேராளரு ஒரேயடியா மாத்தச் சொன்னாரு. நான் ஒரு நிபந்தன போட்டேன். ஒவ்வொருத்தர்ட்டயும் தனித்தனியா கேட்டுட்டுத்தான் மாத்தணும். 'இனி உனக்குக் கேள்வி வேண்டுமா, ஆறுதல் வேண்டுமா?'ன்னு. எப்ப வேணும்னாலும் திரும்பிக்கிடலாம், ஒரு வார்த்த சொன்னாப் போதும். அவரு சிரிச்சாரு. 'தாராளமா கேளு, எவன் கேள்வி வேணும்னு சொல்லப் போறான்'ன்னாரு."

அவளுக்கு ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது காதுக்குள் ஏதோ கேட்டது நினைவுக்கு வந்தது.

"எத்தன பேரு கேள்வின்னாவ?"

"ரெண்டு லட்சத்துல முன்னூத்திப் பன்னெண்டு. சுடலை அதுல ஒருத்தரு. அவரு காதுல மட்டும் கடேசி வரைக்கும் கேள்விதான் கேட்டுச்சு."

"நான்..."

"இன்னொண்ணும் உண்டுக்கா. யாராவது உயிரு சம்பந்தப்பட்டதச் சொன்னா, மறுபடி ஒரு தடவ கேக்கணும்னு எழுதியிருந்தேன்." கையிலிருந்த கருவியை அழுத்தி, குப்பம் மூழ்கிய அன்று பதிவானதை ஓடவிட்டான்.

அவள் குரல் அவளிடம் கேட்டது: "இதில் உயிர்கள் இருக்கின்றன. உனக்குக் கேள்வி வேண்டுமா, ஆறுதல் வேண்டுமா?"

உடனே, மூச்சு விடுகிற இடைவெளிகூட இல்லாமல், அதே குரல் பதில் சொன்னது: "ஆறுதல்."

எது கருவி, எது தான் என்று ஒரு கணம் அவளுக்குப் பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முந்தானையால் மூடிக்கொண்டாள். யாக்கூப் சத்தமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

மறுநாள் எழுதி வைத்த தாளை அவள் எடுத்துப் போகவில்லை. மண்டபம் நிறைந்திருந்தது. "பேராளரு கெட்டவரு" என்று ஆரம்பித்தாள். "கல்லத் திருடுனாரு, மதில வளைச்சாரு, ஆளுகளச் சாகவிட்டாரு. ஆனா நான் பொய் வாசிக்கணும்னு அவரு என் கழுத்தப் புடிக்கல. எனக்கு நிம்மதி வேணுமான்னு கேட்டாரு. வேணும்னேன். வெளிய ஆளு நிக்குதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டுதான், ஒருத்தரும் இல்லன்னு வாசிச்சேன். உங்க எல்லார்ட்டயும் காதுமணி கேட்டுச்சு, கேள்வியா ஆறுதலான்னு. பதிவு இருக்கு."

"நிறுத்தச் சொல்லுங்கய்யா அவள!" என்று பின்வரிசையில் ஒருவன் கத்தினான். ஒரு பெண் காதைப் பொத்திக்கொண்டாள். காவலாட்கள் ஏழு பேரில் ஒருவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். மற்றவர்கள் அவளை வெறுப்போடு பார்த்தார்கள். அந்தக் குரலில் அவர்கள் எதிர்பார்த்தது இது இல்லை. வெளியே வந்தபோது கூட்டம் விலகி வழிவிட்டது. யாரும் கும்பிடவில்லை. அடுத்த வாரம் ஆணையத்தின் அலுவலகத்தில் பெரிய வரிசை நின்றது. காதுமணியை ஒப்படைக்க வந்தவர்கள் என்று அலுவலகத்தார் நினைத்தார்கள். வந்தவர்கள், அதைத் திரும்ப இயக்க வேண்டும் என்று மனு கொண்டுவந்திருந்தார்கள்.

மரியபுஷ்பம் இப்போது மதிலுக்கு உள்ளே, கிழக்குக் கொட்டகைகளில் இருந்தாள். இரண்டு வருடத்தில் செங்கமலம் அந்தப் பக்கம் போனதே இல்லை. போனபோது அவள் அரிவாள்மணையில் உட்கார்ந்து பாறை மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிர்ந்து பார்த்தாள். "வாங்க" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

செங்கமலம் நின்றபடியே சொன்னாள். "நீ பேசுனது எனக்கு நல்லாக் கேட்டுச்சு புள்ள. கேட்டுட்டுத்தான் வாசிச்சேன்."

"தெரியும். நாங்களும் ரேடியோ வச்சிருந்தோம்லா. ஒருத்தரும் இல்லன்னு நீங்க சொல்லும்போது நாங்க அத்தன பேரும் கேட்டுட்டு நின்னோம்."

மரியபுஷ்பம் இன்னொரு மீனை எடுத்துத் தலையை அரிந்தாள்.

"அன்னைக்கு எங்க வீட்டுக்காரர மேட்டுல, பனைமரத்துல சாத்தி வச்சுட்டுத்தான் வந்தேன்" என்றாள் மரியபுஷ்பம். "வாசப்பக்கம் வந்தாத்தான் போனு எடுக்கும். 'நீ போயி அக்காட்ட சொல்லு, அவுக ஒரு வார்த்த சொன்னாப் போதும், நான் இங்கன இருக்கேன்'னாவ. வந்தேன். திரும்பிப் போகும்போது மேடே இல்ல."

மரியபுஷ்பம் நறுக்கிய துண்டுகளைச் சட்டியில் தள்ளினாள்.

"நானும் காதுமணி வச்சிருந்தேன். கேள்வியா ஆறுதலான்னு எங்கிட்டயும் கேட்டுச்சு. நானும் ஆறுதலுன்னுதான் சொன்னேன். ரெண்டு வருசம் தெனமும் அதுட்ட கேட்டேன், விட்டுட்டு வந்தது நான்தானன்னு. 'உன்மேல் தவறில்லை, உன்மேல் தவறில்லை'ன்னு உங்க குரலுல சொல்லிச்சு. அதப் புடிச்சிக்கிட்டுதான் உசுரோட கெடந்தேன். இப்பம் தெரியுது, வாசலத் தொறக்காதவனுக்கும் அதையேதான் சொல்லியிருக்கு." மீன் நறுக்கிய கையால் நெற்றியைத் துடைத்தாள். "எனக்குச் சொன்னது மட்டும் நெசமான்னு நான் யாருட்ட போயிக் கேப்பேன்?"

உன்மேல் தவறில்லை. அது உண்மை. உலகத்தில் ஒருவருக்கு அது உண்மை என்றால் இவளுக்குத்தான். செங்கமலம் வாயைத் திறந்தாள். அந்த இரண்டு சொல்லும் நாக்கு நுனிவரை வந்தன, எந்தக் குரலில் வரும் என்பதை நினைத்ததும் நின்றுவிட்டன. வேறு யார் வேண்டுமானாலும் இவளுக்கு அதைச் சொல்லலாம். தன்னால் முடியாது.

தரையில், செதில்களும் ரத்தமுமாகக் கிடந்த சாக்கின் ஓரத்தில் அவள் உட்கார்ந்தாள்.

"அன்னைக்குக் காலையில இருந்து சொல்லுதியா புள்ள?" என்றாள். "ஒண்ணையும் விடாம. நான் கேக்கேன்."

மரியபுஷ்பம் அரிவாள்மணையைத் தள்ளி வைத்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல், முந்தின நாள் லாரி வரும் வரும் என்று மூட்டை கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததிலிருந்து ஆரம்பித்தாள். லூர்துசாமிக்குக் கஞ்சி கொடுத்தது, நாற்காலியோடு அவரைத் தூக்க நான்கு பேரைத் தேடியது, பனைமரத்தடியில் அவர் பீடி கேட்டது என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனாள். செங்கமலம் தலையைக் குனிந்தபடி கேட்டாள். மணி ஒன்று ஆனதும் ரேடியோ பேசிய இடம் வந்தது. அதை மரியபுஷ்பம் தாண்டிப் போகவில்லை. வாசித்ததை வாசித்தபடியே, ஒரு சொல் விடாமல் சொன்னாள்.